மதில் மறைவில் பழமரங்கள்: உடுமலைப் பக்கத்துப் பத்து சென்ட் நிலத்தில் எவற்றை நடலாம்?

உடுமலைப்பேட்டைக்கு அருகே வீட்டின் பின்புறம் 10 சென்ட் செம்மண் நிலம், மூன்று பக்கமும் ஆறடி மதில், மேற்கு மதிலுக்கு அப்பால் பக்கத்துக்காரரின் தென்னந்தோப்பு, சற்றே உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்று உங்கள் இடத்தை விவரித்திருக்கிறீர்கள். நீங்கள் வார இறுதியில் மட்டும் ஊருக்கு வருகிறீர்கள். வீட்டில் இருக்கும் பெற்றோரால் வால்வைத் திறந்துவிட முடியுமே தவிர, ஏணி ஏறவோ மருந்து அடிக்கவோ முடியாது. மா, கொய்யா, மாதுளை என்று எல்லா வீட்டிலும் இருப்பவை வேண்டாம்; அரிய பழங்களாக இருக்க வேண்டும்; அதிகம் கவனிக்காமலே காய்க்க வேண்டும். நர்சரியில் ரம்புத்தான், மங்குஸ்தான், ஜபோட்டிகாபா மூன்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

அந்த மூன்றையும் வாங்க வேண்டாம். மதில் காற்றைத்தான் மறைக்கும். ஈரத்தைக் கொண்டுவந்து தராது. ரம்புத்தானும் மங்குஸ்தானும் ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நிலத்துக்கு உரியவை. ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் மழையும், வறண்ட மாதங்கள் மிகக் குறைவாக உள்ள பருவமும் அவற்றுக்கு வேண்டும். நீலகிரிச் சரிவில் கல்லாறு, பர்லியாறு, தெற்கே குற்றாலம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதி ஆகிய இடங்களில் அவை செழிப்பதற்குக் காரணம் மலைச்சரிவின் மழையும் மூட்டமும்தான். உங்கள் பகுதியில் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாக ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது. மாசி தொடங்கி வைகாசி வரை வறண்ட காற்றில் ரம்புத்தான் இலையின் ஓரம் தீய்ந்து சுருளும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது தீராது, ஏனென்றால் குறை வேரில் இல்லை, காற்றில் இருக்கிறது. போதாக்குறைக்கு, விதையில் முளைத்த ரம்புத்தான் கன்றுகளில் ஆண் மரங்களும் கலந்திருக்கும். அவை பூக்கும், காய்க்காது. ஜபோட்டிகாபா பிரேசில் நாட்டு மரம். தண்டோடு ஒட்டிக் கருந்திராட்சை போலக் காய்க்கும் அதன் அழகைப் படத்தில் பார்த்தவர் யாரும் ஆசைப்படவே செய்வார். ஆனால் அதற்குப் புளிப்புத்தன்மை உள்ள மண்ணும், ஒருநாளும் வற்றாத ஈரமும், உப்பில்லாத நீரும் தேவை. விதைக் கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகும். அதை வளர்த்தே தீர வேண்டும் என்றால் பெரிய தொட்டியில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றி வளர்க்கலாம். அதைக் குறைந்த பராமரிப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்ததாக, உங்கள் இடம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் காற்று மறைவானதுதானா என்று பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் நுழையும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் காற்றுக்குத் தென்னந்தோப்பு நல்ல மறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்த தென்னையின் தலை மேலே இருக்கிறது. கீழே முப்பதடிக்கு வெறும் மரத்தூண்கள்தான். அவற்றின் இடையே காற்று தடையில்லாமல் புகுந்து வரும். ஆறடி மதிலும் முழுத் தீர்வு அல்ல. இடைவெளியே இல்லாத சுவரில் மோதும் காற்று அதைத் தாண்டிக் குதித்து, உட்புறத்தில் சுழன்று விழும். மரம் மதிலைவிட உயர்ந்ததும் அதன் தலை நேராகக் காற்றின் வாயில் நிற்கும். காற்றை முற்றாகத் தடுப்பதை விட, பாதியை உள்ளே விட்டு மீதியைத் தணிக்கும் உயிர்வேலியே நல்லது. அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைத்துக் காட்டும். உங்கள் 10 சென்ட் என்பது 4356 சதுர அடி. சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 66 அடி. மேற்கு மதிலை ஒட்டி உட்புறம் பத்தடி உயரத்துக்கு ஒரு பசுமை வேலி எழுந்துவிட்டால், நிலத்தின் கிழக்கு எல்லை வரை மறைவு கிடைத்துவிடும். பழமரங்களை வாங்கும் முன்பே, இந்த ஆண்டே, செய்ய வேண்டிய வேலை இதுதான்.

அந்த வேலியே பழம் தரட்டும். களாச்செடியைப் போல உங்கள் பகுதிக்குப் பொருந்தியது வேறில்லை. முள்ளும் பாலும் உள்ள, எப்போதும் பச்சையாக இருக்கும் புதர் அது. ஆடு கடிக்காது, கோடையில் தண்ணீர் இல்லாமலும் தாங்கும், வெட்டிவிட்டால் அடர்ந்து கிளைக்கும். காயாக இருக்கும்போது பறித்தால் ஊறுகாய்க்கு அதன் புளிப்பும் சிறு துவர்ப்பும் எலுமிச்சையால் தர முடியாதவை. நன்றாகக் கறுத்துப் பழுத்தபின் குழந்தைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்பார்கள். மூன்றடிக்கு ஒன்றாக நட்டு, இடையிடையே கொடுக்காப்புளியை வையுங்கள். கொடுக்காப்புளியின் தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். ஸ்பானியர்கள் பிலிப்பைன்சுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தது. பள்ளிக்கூட வாசல்களில் கூறுகட்டி விற்ற அந்தச் சுருள் காய்கள் எங்கும் காணப்பட்ட காலம் போய், இன்று நகரத்துப் பழக்கடைகளில் கிலோ கணக்கில் நல்ல விலைக்கு விற்கின்றன. அவரைக் குடும்பத்து மரமாதலால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைத் தானே வேரில் சேர்த்துக்கொள்ளும். உப்பு நீரையும் தாங்கும். ஆனால் வேலியாக வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்தால் அது காய்க்காது. எனவே மேற்கு மதிலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மரத்தை வளர விட்டுவிட்டு, நடுவில் உள்ளவற்றை மட்டும் பத்தடியில் நிறுத்துங்கள். முனைகளில் நிற்கும் அவ்விரண்டுக்கும் ஒட்டுக் கன்றுகளாகப் பார்த்து வாங்குவது நல்லது. விதைக் கன்றில் சில மரங்கள் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்போடு காய்க்கும், அது தெரிய ஆண்டுகள் ஆகிவிடும். கவாத்து செய்த முள்ளை அன்றன்றே பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். வயதானவர்கள் நடமாடும் இடம் அது.

நிலத்துக்குள்ளும் எல்லா இடமும் ஒரே தன்மை உடையதல்ல. மேற்கு மதிலின் உட்புறம் காலை வெயிலை வாங்கி, பிற்பகலில் நிழலில் இருக்கும். அதுவே உங்கள் நிலத்தின் மென்மையான பகுதி. கிழக்கு மதிலின் உட்புறம் மேற்கு நோக்கியிருப்பதால், பிற்பகல் வெயிலை முழுதும் வாங்கிக்கொண்டு இரவு எட்டு மணி வரை அனலை வீசிக்கொண்டிருக்கும். சித்திரையில் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு இரண்டு மதிலிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும். ஆகவே மென்மையான இலை உடைய மரங்களை மேற்குப் பக்கத்தில், வேலியிலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். வெயிலுக்கு அஞ்சாதவற்றைக் கிழக்கே கொண்டுபோங்கள்.

இனி எந்த மரங்கள் என்பது. அரிய பழம் என்றதும் தொலைதூர நாட்டுப் பழத்தைத் தேடுவதுதான் இன்றைய வழக்கமாக இருக்கிறது. ஒரு பழம் ஏன் கடையில் கிடைப்பதில்லை என்று கேட்டுப் பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும். சில பழங்கள் நம் மண்ணில் விளையாததால் கிடைப்பதில்லை. சில பழங்கள் நன்றாக விளைந்தும், பறித்த இரண்டு நாளில் குழைந்துவிடுவதாலும் லாரியில் ஏற்ற முடியாததாலும் கிடைப்பதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு உரியவை இந்த இரண்டாம் வகைப் பழங்கள். அவற்றை உண்ண வேண்டுமானால் மரம் வீட்டில்தான் இருக்க வேண்டும். பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

இந்த வகையில் நான் முதலில் சொல்வது மேற்கிந்திய செர்ரி. பத்து, பன்னிரண்டு அடிக்குள் அடங்கும் சிறு மரம். கையெட்டும் உயரத்தில் காய்க்கும். பூத்து மூன்று, நான்கு வாரத்திலேயே பழம் சிவந்துவிடும். தண்ணீரும் வெயிலும் இருந்தால் ஆண்டில் பல முறை இது நிகழும். மூன்று மெல்லிய பிளவுகளாகத் தெரியும் பளபளப்பான பழத்தைக் காலையில் பறித்துக் கிண்ணத்தில் வைத்தால், மாலைக்குள் அந்தப் பளபளப்பு மங்கத் தொடங்கும். மறுநாள் தோல் சுருங்கி நீர் கசியும். இதனால்தான் எந்த வியாபாரியும் அதைத் தொடுவதில்லை. 100 கிராம் பழத்தில் 1000 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் அது 50 மில்லிகிராம் அளவுதான். உங்கள் மறைவான நிலம் இதற்குக் குறிப்பாகப் பயன்படும். ஏனென்றால் இதன் வேர் ஆழமாகப் போவதில்லை, திறந்தவெளியில் ஆடிக்காற்று முழு மரத்தையே சாய்த்துவிடும். சுண்ணாம்பு கலந்த மண்ணும் இதற்குப் பகையல்ல. வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவுக்கு மட்டும் எளிதில் இடம் கொடுக்கும். ஆகவே முன்பு தக்காளி, கத்தரி பயிரிட்ட பாத்தியில் நடாதீர்கள், நடும்போது குழியில் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு சேருங்கள். இரண்டு மரங்கள் வையுங்கள். ஒன்றைப் பறவைகளுக்கு என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்குப் போதுமான அளவு மிஞ்சும்.

அதன் அருகே ஒரு முசுக்கட்டை. பட்டுப்புழுவுக்கு இலை தரும் செடியாக உடுமலைப் பக்கத்து விவசாயிகள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் இலைக்காக வளர்க்கும் ரகங்களில் பழத்தை எதிர்பார்க்க வேண்டாம், பழத்துக்கென்றே உள்ள நீளப்பழ ரகத்தின் குச்சியைத் தேடி வாங்குங்கள். பென்சில் பருமன் உள்ள குச்சியை நட்டாலே வேர்விடும், ஓராண்டுக்குள் பழமும் வரும். இதன் பழம் புதுத் தளிரில்தான் பிடிக்கும் என்பதால், கிளைகளைப் பாதியாக வெட்டி இலைகளை உருவிவிட்டால் சில வாரங்களில் மறுபடி பூக்கும். நீங்கள் வரும் வார இறுதிகளில் அரை மணி நேர வேலை அது. ஆண்டில் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். கறை படியும் பழமாதலால் துணி உலர்த்தும் கொடியிலிருந்து தள்ளி நடுங்கள்.

சீத்தாப்பழம் அரியதா என்று கேட்பீர்கள். சாலையோரத்தில் கூடையில் விற்கும் பழம் பழக்கமானதுதான். ஆனால் மரத்திலேயே கண்கள் விரிந்து, இடைவெளி மஞ்சளாகத் தெரியும் வரை விட்டுப் பறித்து, இரண்டாம் நாள் உண்ணும் பழத்தின் ருசி அந்தக் கூடைப் பழத்துக்குக் கிடையாது. மேலும், வறண்ட நிலத்துக்கு இதைவிடப் பணிவான மரம் இல்லை. கோடையில் தண்ணீர் குறைந்தால் இலையை உதிர்த்துவிட்டுப் பொறுத்துக்கொள்ளும். ஆடு மாடு அதன் இலையைத் தொடாது. உங்கள் அனல் வீசும் கிழக்கு மதிலோரத்துக்கு ஏற்றது. அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.பி.கே.1 ரகமும், ஆந்திர, தெலங்கானாப் பகுதிகளில் பெயர்பெற்ற பாலாநகர் ரகமும் கவனிப்பைக் கேட்காதவை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சகன் மிக இனிப்பான, விதை குறைந்த பழம் தரும். ஆனால் அதற்குக் கையால் மகரந்தம் சேர்த்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

மகரந்தம் என்றதால் இதைச் சற்று விளக்க வேண்டும். பூப்பது நிறைய, காய்ப்பது கொஞ்சம் என்று சீத்தாவைப் பற்றிப் பலரும் குறைபடுவதற்கான காரணம் இதில் இருக்கிறது. சீத்தாப் பூவில் பெண் பகுதி முதலில் பக்குவமாகும். அப்போது மூன்று இதழ்களும் சிறிதளவே பிரிந்திருக்கும். அடுத்த கட்டத்தில் இதழ்கள் முழுதாக விரிந்து மகரந்தம் உதிரும். அதற்குள் அதே பூவின் பெண் பகுதி காய்ந்துவிடும். இந்த இடைவெளியைக் கடத்திக் கொடுப்பவை தேனீக்கள் அல்ல, அழுகும் பழ மணத்துக்கு வரும் மிகச் சிறிய வண்டுகள். வறண்ட அனல் காற்றில், மகரந்தத்தை ஏற்கும் பெண் பகுதியின் நுனியான சூல்முடி விரைவில் உலர்ந்துவிடுவதால் வண்டு வந்தும் பயனில்லாமல் போகும். ஆகவே பூக்கும் சித்திரை, வைகாசியில் மரத்தடியில் பரப்பிய காய்ந்த இலை மூடாக்கு ஈரமாக இருப்பதும், ஓரிரண்டு அழுகிய பழங்களை அங்கேயே விட்டுவைப்பதும் காய்ப்பிடிப்பைக் கூட்டும். ஞாயிறு காலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தால், நன்கு விரிந்த பூக்களிலிருந்து மகரந்தத்தை மெல்லிய ஓவியத் தூரிகையில் எடுத்து, பாதி திறந்த பூக்களுக்குள் தடவிவிடுங்கள். ஒழுங்கான உருண்டையாகப் பழம் அமைவது இப்படிச் செய்த பூக்களில்தான். சீத்தா விதைத் தூள் கண்ணில் பட்டால் கண்ணைக் கடுமையாகப் புண்ணாக்கும். பேன் மருந்தாகத் தலையில் தேய்க்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

சீத்தாவுக்குத் துணையாக ஒரு ராம்சீத்தா வையுங்கள். ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தா முடிந்துவிட, ராம்சீத்தா அதற்குப் பின் மாசி, பங்குனி வாக்கில் பழுக்கும். சுவையில் அது ஒரு படி தாழ்வு என்பது உண்மை. சற்று நறநறப்பாக, மணம் குறைவாக இருக்கும். ஆனால் பழமே இல்லாத பருவத்தில் கிடைப்பதும், எந்த மண்ணிலும் முரண்டு பிடிக்காமல் நிற்பதும் அதன் பெருமை. முள்சீத்தாவைப் பற்றி இன்று எல்லோரும் கேட்கிறார்கள். அது மறைவான, ஈரமான இடத்தை விரும்பும் மரம். உங்கள் மேற்குப் பக்கத்தில் முயன்று பார்க்கலாம், பழச்சாறும் அருமையாக இருக்கும். ஆனால் புற்றுநோயைத் தீர்க்கும் என்று நம்பி அதன் இலைக் கஷாயத்தை நாள்தோறும் குடிப்பவர்கள் பெருகிவிட்டதால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கரீபியத் தீவான குவாடலூப்பில் இந்த மரத்தின் பழத்தையும் இலைச் சாற்றையும் நீண்ட காலம் உட்கொண்டவர்களிடையே, பார்க்கின்சன் நோயை ஒத்த, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நரம்புக் கோளாறு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கவனித்து 1999-இல் எழுதியிருக்கிறார்கள். எப்போதாவது பழம் உண்பது வேறு. வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இலையைக் கொதிக்க வைத்துத் தினமும் குடிப்பது வேறு.

பெருநெல்லி உங்கள் செம்மண்ணுக்கும் உப்பு நீருக்கும் பழுதில்லாமல் பொருந்தும். ஒற்றை மரமாக நட்டுவிட்டுக் காய்க்கவில்லை என்று வருந்துபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தன் மகரந்தத்தில் தானே சரியாகக் காய்க்காத மரம் அது. பவானிசாகர் 1, என்.ஏ.7 போன்ற இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து நடுங்கள். இதன் கிளை எளிதில் முறியும் இயல்புடையது. காய் பாரத்தோடு ஆடிக்காற்றும் சேர்ந்தால் கவை பிளந்துவிடும். எனவே முதல் இரண்டு ஆண்டுகளிலேயே, மூன்றடி உயரத்தில் அகன்ற கோணத்தில் பிரியும் நான்கைந்து கிளைகளை மட்டும் விட்டு மீதியை நீக்கிவிடுங்கள். அரைநெல்லிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. இலையில்லாத கிளையிலும் தண்டிலும் கொத்துக் கொத்தாக, ஆண்டுக்கு இருமுறை காய்க்கும். மரத்தடியில் ஒரு பழைய சேலையை விரித்துக் கிளையை உலுக்கினால் உங்கள் அம்மாவே அறுவடையை முடித்துவிடுவார். ஒரு மரமே தெருவுக்குப் போதும்.

விளாவைப் பற்றி எனக்குத் தனிப் பற்று உண்டு. விநாயகர் சதுர்த்திக்கு மட்டும் கடையில் காணும் பழமாக அது சுருங்கிவிட்டது வருத்தமான செய்தி. வறட்சி, உவர்மண், சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கற்கள் கலந்த நிலம் எதுவும் அதற்குப் பொருட்டல்ல. நட்டு இரண்டு கோடை தாண்டிவிட்டால் அதன் பிறகு தண்ணீரே கேட்காது. ஒரே குறை அதன் பொறுமை: விதையில் முளைத்த மரம் காய்க்கப் பதினைந்து ஆண்டுகள்கூட எடுத்துக்கொள்ளும். அதனால் ஒட்டுக் கன்றைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள். இதன் இலையில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் வரும். இளங்கன்றாக இருந்தால் கையால் எடுத்து அப்புறப்படுத்துங்கள், வளர்ந்த மரமானால் தின்னட்டும் என்று விட்டுவிடுங்கள், மரம் தாங்கும். பழம் முதிர்ந்ததா என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஓரடி உயரத்திலிருந்து கல் தரையில் போட்டுப் பாருங்கள். முதிராத காய் பந்தாக எழும்பும், முதிர்ந்தது எழும்பாமல் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அப்படி விழுந்ததை ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் வைத்து, ஓட்டை உடைத்ததும் அறை முழுதும் மணம் பரவினால், வெல்லத்தைப் பொடித்துச் சேர்த்துப் பிசையலாம். பழம் தானே உதிரும் மரம் என்பதால் ஏணியும் தேவையில்லை. தலையில் விழக்கூடும் என்பதால் நடைபாதைக்கு மேலே கிளை நீளாத மூலையாகப் பார்த்து, வடகிழக்கில் வையுங்கள்.

வெளிநாட்டு மரம் ஒன்றாவது வேண்டும் என்ற ஆசையை முட்டைப்பழம் தீர்த்துவைக்கும். நடு அமெரிக்காவில் தோன்றி, இலங்கையில் லாவுலு என்ற பெயரில் வீட்டுக்கு வீடு நிற்கும் மரம் இது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் போன்ற உலர்ந்த, மாவான சதை. பழமாக வெறுமே தின்னும்போது பலருக்குத் தொண்டையில் நிற்கும், பாலும் சிறிது ஏலமும் சேர்த்து அடித்துக் கொடுத்தால் மறுமுறை கேட்டு வாங்குவார்கள். மெலிந்த மண்ணிலும் சுண்ணாம்பு மண்ணிலும் வளரும். பூச்சித் தொல்லை மிகக் குறைவு. கிளைகள் காற்றில் முறியக்கூடியவை என்பதால் மறைவான மேற்குப் பக்கமே இதற்கு உரிய இடம். விதைக் கன்றுகூட நான்கைந்து ஆண்டில் காய்த்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலந்தை வறட்சிக்கு ஏற்றதுதான், ஆனால் ஆண்டுதோறும் கடுமையாகக் கவாத்து செய்ய வேண்டும், பழ ஈயும் விடாது. நாவல் 10 சென்ட் நிலத்துக்குப் பெரிது. வீட்டுச் சுவரும் தரையும் கறையாகும். ஜம்பு நிறையத் தண்ணீர் குடிக்கும், பழ ஈயின் முதல் இலக்கும் அதுவே. சீமை அத்தியில் மழைக்காலத்தில் துரு நோய் வந்து இலை முழுதும் கொட்டும். சிங்கப்பூர் செர்ரி ஒரே ஆண்டில் நிழலும் பழமும் தரும், மரம் முழுக்கப் பறவைகள் வரும். உங்கள் மதிலுக்கு வெளியே சாலையோரத்தில் ஒன்று வைத்தால் பறவைகளும் வௌவால்களும் அங்கே பசியாறிக்கொள்ளும். நட்சத்திரப் பழமும், நாகர்கோவில் பக்கத்தில் மீன்குழம்புக்குப் போடும் புளிச்சிக்காயும் எளிதாக வளர்பவைதான். ஆனால் இரண்டிலும் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஒரு நட்சத்திரப் பழமே ஆபத்தாக முடியலாம். புளிச்சிக்காய்ச் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பிக் குடித்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை நோயோ சிறுநீரகத் தொல்லையோ இருந்தால் இவ்விரண்டையும் நடாமல் இருப்பதே நல்லது.

பாலை மரம் ஒன்றை மட்டும் இந்தச் சுருக்கமான பட்டியலில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரைக் காடுகளிலும் இலங்கையின் வன்னிக் காடுகளிலும் இயல்பாக நிற்கும் மரம். சிறு விரல்நுனி அளவு மஞ்சள் பழம், உதடு ஒட்டும் பாலும் தேன் இனிப்பும். நாம் நர்சரியில் வாங்கும் சப்போட்டா ஒட்டுக் கன்றுகள் பெரும்பாலும் பாலை வேரின் மீதுதான் கட்டப்பட்டவை. சப்போட்டாவின் உறுதியில் பாதி இந்த மரத்தினுடையது. வளர்ச்சி மிக மெதுவானது, நீங்கள் நட்டால் உங்கள் பிள்ளைகள் நிறைவாக உண்பார்கள். அந்த அளவுக்குக் காத்திருக்க மனம் இருந்தால் தென்கிழக்கு மூலையில் ஒன்றை வைத்துவிடுங்கள்.

நடுவதற்குப் புரட்டாசி சிறந்த மாதம். பின்தொடரும் வடகிழக்குப் பருவமழையில் கன்று தானே வேர்பிடித்துக்கொள்ளும். வேலிச் செடிகளை மட்டும் இப்போதே நட்டுத் தண்ணீர் காட்டுங்கள். மரத்துக்கு மரம் பதினைந்து, பதினாறு அடி இடைவெளி விட்டு, மூன்றடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, மேல்மண்ணோடு இரண்டு கூடை மட்கிய தொழுவுரம் சேர்த்து நிரப்புங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நான்கு விரல்கடை தெரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து வரும் துளிர்களை வந்தவுடன் கிள்ளிவிட வேண்டும். இதைத் தவறவிட்டால் சில ஆண்டுகளில் ஒட்டு மறைந்து வேர்ச்செடி மட்டும் மரமாக நிற்கும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டை ஒவ்வொரு கன்றுக்கும் வைத்தால், அப்பா வால்வை இரண்டு மணி நேரம் திறந்துவைப்பதில் ஒரு கன்றுக்கு 16 லிட்டர் கிடைக்கும். முதல் இரண்டு கோடையில் வாரத்துக்கு இரண்டு முறை இப்படி விட்டால் போதுமானது. உப்பு நீர் என்பதால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக விடுவதை விட, இடைவெளி விட்டு நிறைய விடுவது உப்பைக் கீழே தள்ளும். தென்னை மட்டை, நார், காய்ந்த இலை என்று கிடைப்பதை எல்லாம் அரையடி கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் அளவு மட்டும் வெறுமையாக இருக்கட்டும், இல்லையென்றால் கறையான் ஏறும்.

மறைவான இடத்துக்கே உரிய தொல்லை மாவுப்பூச்சி. காற்றோட்டம் குறைந்த மூலைகளில், முதலில் சீத்தாக் காயின் கண்களுக்கு இடையே வெண்பஞ்சு போலத் தெரியும். மருந்தைத் தேடும் முன் எறும்பைப் பாருங்கள். இனிப்புக் கசிவுக்காக மாவுப்பூச்சியைத் தூக்கிச் சுமந்து பரப்புவது எறும்புதான். தரையிலிருந்து இரண்டடி வரை கிளைகளை நீக்கி, மதிலைத் தொடும் கிளைகளையும் வெட்டி, தண்டில் ஒரு பாலிதீன் பட்டை சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவிவிட்டால் எறும்பின் வழி அடைபடும். அதன் பிறகு பொறிவண்டுகளே பெரும்பாலும் கணக்கைத் தீர்த்துவிடும். அதற்கும் மிஞ்சினால் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டை உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் வாங்கி விடலாம். அப்படி வண்டு விட்ட மரத்தில் பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது.

இதுவரை சொன்னவற்றில் செர்ரி 2, முசுக்கட்டை 1, சீத்தா 2, ராம்சீத்தா 1, பெருநெல்லி 2, அரைநெல்லி, விளா, முட்டைப்பழம், பாலை ஒவ்வொன்று என 12 மரங்கள் ஆகின்றன. மேற்குப் பக்கத்தில் பதின்மூன்றாவதாக ஒரு குழிக்கு இடம் இருக்கும். அங்கே முள்சீத்தா வைக்கலாமா என்பதை மண்தான் சொல்ல வேண்டும். குழி தோண்டும்போது இரண்டு, மூன்று அடியில் வெள்ளைச் சுக்கான் கற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். மண், நீர் இரண்டின் மாதிரியையும் அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வையுங்கள். சுக்கான் இல்லாமல், கார அமில நிலை 7.5-க்குக் கீழே இருந்தால் முள்சீத்தாவைத் துணிந்து நடலாம். அதற்கு மேலே போனால் இலை வெளுத்து நின்றுவிடும். அப்போது அந்தக் குழியிலும் இன்னொரு மேற்கிந்திய செர்ரியையே வைத்துவிடுங்கள்.